பட்டயக் கணக்காளர் செயல்முறைப் பயிற்சி

பட்டயக் கணக்காளர் செயல்முறைப் பயிற்சி என்பது, பட்டயக் கணக்காளராக விரும்பும் மாணவர் ஒருவர், அத்தொழிலில் ஈடுபட்டுள்ள பட்டயக் கணக்காளர் ஒருவரின் கீழ் வரையறுக்கப்பட்ட காலம் பணியாற்றிக் கற்கும் முறை ஆகும். பேச்சு வழக்கில் இது ஆர்ட்டிக்கிள்ஷிப் என்று அழைக்கப்படுகிறது. இந்தியாவில் இப்பயிற்சியை இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் நெறிப்படுத்துகிறது. தேர்வுகளில் எவ்வளவு மதிப்பெண் பெற்றிருந்தாலும், இப்பயிற்சியை முடிக்காதவர் அந்நிறுவனத்தின் உறுப்பினராக முடியாது.

பயிற்சி தரும் கணக்காளரை அலுவலகங்களில் பிரின்சிபல் என்று அழைப்பர். இக்கட்டுரையில் அவர் வழிகாட்டி என்றும், பயிற்சி பெறுபவர் பயிற்சியாளர் என்றும் குறிக்கப்படுகின்றனர்.

பயிற்சிக் காலத்தை நாட்காட்டியைக் கொண்டு எளிதில் கணக்கிடலாம். ஆனால் அக்காலத்தில் மாணவர் உண்மையில் என்ன கற்றார் என்பதை அவரது வழிகாட்டி மட்டுமே அறிவார். பயிற்சி முடிந்தது என்று அவர் இடும் கையொப்பத்தை நம்பியே ஒருவருக்கு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் உரிமை கிடைக்கிறது. ஆகவே இம்முறையின் தரம் வழிகாட்டியின் நேர்மையையும் உழைப்பையும் பெரிதும் சார்ந்துள்ளது.

பெயர்

ஆர்ட்டிக்கிள் என்ற சொல்லைப் பலர் கட்டுரை என்று பொருள் கொள்கின்றனர். இங்கு அது ஒப்பந்தத்தின் பிரிவுகளைக் குறிக்கும். முற்காலத்தில் இங்கிலாந்தில் வழக்கறிஞரிடமோ கணக்காளரிடமோ தொழில் கற்கச் சேர்ந்தவர், பல பிரிவுகள் கொண்ட ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட்டார். அப்பிரிவுகளால் கட்டுப்பட்டவர் என்ற பொருளில் அவருக்கு ஆர்ட்டிக்கிள்டு கிளார்க் என்ற பெயர் ஏற்பட்டது. இந்தியாவில் இப்போது கிளார்க் என்ற சொல் கைவிடப்பட்டு, உதவியாளர் என்ற பொருள் தரும் சொல் வழங்குகிறது. பயிற்சியாளர் எழுத்தர் அல்லர், கற்பவர் என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

தமிழ் வணிக மரபில் கணக்குப் பயிற்சி

தேர்வுகளும் பட்டயங்களும் தோன்றுவதற்கு முன்பே, வேலை செய்துகொண்டே கணக்குக் கற்கும் முறை தமிழ் வணிகரிடையே இருந்தது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் ஆகும். பர்மா, மலாயா, இலங்கை முதலிய இடங்களில் இயங்கிய இக்கடைகளில் சிறுவர்கள் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்தனர். கடையைத் துப்புரவு செய்வது, பணப் பெட்டியின் அருகில் அமர்ந்து எடுபிடி வேலைகள் செய்வது, சிட்டையில் எழுதுவது என்று அவர்களின் பணி தொடங்கியது. தேர்ச்சி பெற்றவர் அடுத்தாள் ஆனார். அதன்பின் கடையை முழுப்பொறுப்பில் நடத்தும் மேலாள் ஆனார். கொண்டுவிக்கப் போகிறவர்கள் என்று அழைக்கப்பட்ட இவர்களின் பணிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டுகளாக இருந்தது. ஆண்டுக்கணக்கை முடித்துக் காட்டும் ஏட்டுக்கு இவர்கள் வழங்கிய ஐந்தொகை என்ற சொல், இருப்புநிலைக் குறிப்பைக் குறிக்க இன்றும் தமிழில் பயன்படுகிறது.

இம்முறைக்கும் இன்றைய பயிற்சிக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கடையில் கற்றவர் தம் முதலாளியின் பணத்தைக் காக்கக் கற்றார். பட்டயக் கணக்காளரோ, தமக்கு ஊதியம் தரும் நிறுவனத்தின் கணக்கு உண்மையானதா என்பதைப் பங்குதாரர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் சொல்ல வேண்டியவர். ஊதியம் தருபவரிடமே ஐயத்துடன் கேள்வி கேட்கும் இந்தப் பழக்கத்தைப் பாடநூலில் படிக்கலாம். ஆனால் ஒருவர் அதைச் செய்வதை அருகிலிருந்து பார்த்தால்தான் அது கைவரும்.

வரலாறு

தொழில்முறைக் கணக்காளர் சங்கங்கள் முதலில் ஸ்காட்லாந்தில் தோன்றின. எடின்பரோக் கணக்காளர் சங்கம் 1854-ல் அரச பட்டயம் பெற்றது. பட்டயக் கணக்காளர் என்ற பெயர் இதிலிருந்தே பிறந்தது. இங்கிலாந்து, வேல்சு பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1880-ல் பட்டயம் பெற்றது. அக்காலத்தில் பயிற்சி பெறும் மாணவருக்கு ஊதியம் கிடைக்கவில்லை. மாறாக, அவருடைய குடும்பம் வழிகாட்டிக்கு ஒரு பெருந்தொகையை முன்பணமாகச் செலுத்தியது. இதனால் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் இத்தொழிலுக்கு வர முடிந்தது.

இந்தியாவில் 1913-ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம் தணிக்கையாளர்களுக்குத் தகுதியை வரையறுத்தது. 1918-ல் பம்பாயில் கணக்கியலுக்கான அரசுப் பட்டயப் படிப்பு தொடங்கப்பட்டது. 1932-ஆம் ஆண்டின் தணிக்கையாளர் சான்றிதழ் விதிகளின்படி நாடு முழுமைக்குமான கணக்காளர் பதிவேடு ஏற்பட்டது. அதில் இடம்பெற்றவர்கள் பதிவுபெற்ற கணக்காளர்கள் எனப்பட்டனர். விடுதலைக்குப் பின் பட்டயக் கணக்காளர்கள் சட்டம், 1949 இயற்றப்பட்டது. இச்சட்டத்தின் கீழ் 1949 ஜூலை 1 அன்று இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அமைந்தது. அதன் முதல் தலைவர் கோ. ப. கபாடியா ஆவார். தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களுக்கான மண்டலக் குழு சென்னையில் இயங்குகிறது.

ஆர். சிவபோகம்

ஒருவர் இத்தொழிலுக்குள் நுழைவதற்கு ஒரு வழிகாட்டி கிடைப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகத்தின் (1907–1966) வாழ்க்கை சான்றாகும். இவர் இந்தியாவின் முதல் பெண் கணக்காளராகக் கருதப்படுகிறார். சகோதரி சுப்பலட்சுமியின் தாக்கம் பெற்றவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். விடுதலையான பின் கணக்கியல் படிப்பில் சேர்ந்து, 1933-ல் அரசுப் பட்டயத் தேர்வில் தேறினார்.

பெண் ஒருவர் தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றுவதும், நிறுவனங்களுக்கு நேரில் சென்று கணக்கேடுகளைப் பார்வையிடுவதும் அன்றைய சமூகத்தில் வழக்கத்தில் இல்லாதவை. சென்னையின் தணிக்கையாளர்களுள் ஒருவரான சி. எஸ். சாஸ்திரி அவரைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டார். பயிற்சிக்குப் பின்னும் ஒரு தடை எழுந்தது. சிறைத் தண்டனை பெற்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய இயலாது என்று அரசு விதித்திருந்தது. சிவபோகம் நீதிமன்றத்தை நாடி வெற்றி பெற்றார். 1937-ல் தனியே தொழில் தொடங்கினார். பின்னர் 1955 முதல் 1958 வரை நிறுவனத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

பட்டயத் தேர்வில் தேறியிருந்தும் சிவபோகத்துக்குப் பயிற்சி தர ஒருவரும் முன்வராமல் இருந்திருந்தால், அவருடைய தேர்ச்சிச் சான்றிதழுக்குப் பயன் இருந்திருக்காது. இத்தொழிலின் வாயிலைத் திறக்கும் அதிகாரம் தேர்வு வாரியத்திடம் மட்டும் இல்லை. தனித்தனி வழிகாட்டிகளிடமும் உள்ளது என்பது கவனிக்கத்தக்கது.

இன்றைய விதிகள்

செயல்முறைப் பயிற்சியைப் பட்டயக் கணக்காளர் ஒழுங்குமுறைகள், 1988 நெறிப்படுத்துகின்றன. 2023 ஜூலை 1 முதல் புதிய கல்வி மற்றும் பயிற்சித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முக்கிய விதிகள் பின்வருமாறு:

* தகுதி: இடைநிலைத் தேர்வின் இரு தொகுதிகளிலும் தேறியிருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பம், அறிமுகப் பயிற்சி ஆகிய குறுகிய கால வகுப்புகளையும் முடித்திருக்க வேண்டும். வணிகவியல் பட்டதாரிகள் 55 விழுக்காடும், பிற பட்டதாரிகள் 60 விழுக்காடும் பெற்றிருந்தால் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேரடியாக இடைநிலைக்குச் செல்லலாம்.
* காலம்: முன்பு 3 ஆண்டுகளாக இருந்தது. புதிய திட்டத்தில் 2 ஆண்டுகள். பயிற்சி முடிந்து 6 மாதங்கள் கழிந்த பின்னரே இறுதித் தேர்வு எழுத முடியும்.
* ஒப்பந்தம்: வழிகாட்டியும் பயிற்சியாளரும் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் செய்துகொள்வர். இது படிவம் 102 எனப்படும். படிவம் 103 மூலம் நிறுவனத்தில் பதிவு செய்யப்படும். பயிற்சி முடிந்ததற்கான சான்று படிவம் 108 ஆகும்.
* பணிநேரம்: வாரத்திற்குக் குறைந்தது 35 மணி நேரம்.
* பயிற்சியாளர் எண்ணிக்கை: ஒரு வழிகாட்டி எத்தனை பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய தொழில் அனுபவத்தைப் பொறுத்தது. தொழில் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் ஒருவரை மட்டுமே சேர்க்கலாம். அனுபவம் கூடும்போது இந்த எண்ணிக்கை கூடும்.
* உதவித்தொகை: வழிகாட்டி மாதந்தோறும் உதவித்தொகை வழங்க வேண்டும். இதன் குறைந்தபட்ச அளவு பணியிடத்தின் மக்கள்தொகையைப் பொறுத்து மாறுபடும். 20 லட்சமும் அதற்கு மேலும், 4 முதல் 20 லட்சம், 4 லட்சத்துக்குக் கீழ் என மூன்று பிரிவுகள் உள்ளன.
* தொழிலகப் பயிற்சி: பயிற்சியின் கடைசி ஆண்டில் விரும்பினால் 9 முதல் 12 மாதங்கள் வரை, நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஒரு தொழிலகத்தின் நிதிப்பிரிவில் பணியாற்றலாம்.
* இடமாற்றம்: முதலாண்டுக்குப் பின் வேறு வழிகாட்டியிடம் மாறுவது எளிதன்று. நோய், பெற்றோரின் பணியிட மாற்றம் போன்ற ஏற்கத்தக்க காரணம் தேவை.

கடைசி விதியால், வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது மாணவரின் மிக முக்கியமான முடிவுகளுள் ஒன்றாகிறது. அலுவலகத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், அங்கு முன்பு பயின்றவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்டறிவது நல்லது. எவ்வகை வேலைகள் கொடுக்கப்பட்டன? செய்த வேலையை யார் சரிபார்த்தார்? பிழைகள் விளக்கப்பட்டனவா?

பயிற்சியின் உள்ளடக்கம்

பயிற்சியாளர் பொதுவாக எளிய வேலைகளிலிருந்து தொடங்குவார். ஒவ்வொரு செலவுக்கும் உரிய சான்றுச் சீட்டு உள்ளதா என்று பார்க்கும் சான்றாய்வு முதல் படி ஆகும். பின்னர் பேரேட்டுக் கணக்குகளை ஆராய்தல், வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரித்தல், ஆண்டு முடிவில் சரக்கிருப்பை நேரில் எண்ணுதல், சரக்கு மற்றும் சேவை வரி அறிக்கைகள், வருமான வரிக் கணக்குகள் ஆகியவை வரும். தேர்ச்சி பெற்றவர்கள் இருப்புநிலைக் குறிப்பு தயாரித்தல், அகக் கட்டுப்பாடுகளை மதிப்பிடுதல், தணிக்கை அறிக்கையின் வரைவை எழுதுதல் ஆகியவற்றில் பங்கெடுப்பர்.

ஆண்டுதோறும் மார்ச்சு 31 அன்று வங்கிகளின் கணக்காண்டு முடிவடைந்ததும், ஏப்ரல் மாதத்தில் வங்கிக் கிளைத் தணிக்கை நடைபெறும். பயிற்சியாளர்கள் பலர் முதன்முறையாக ஊர்விட்டு ஊர் சென்று பணியாற்றுவது இக்காலத்தில்தான்.

எடுத்துக்காட்டு: வங்கிச் சரிகட்டும் பட்டியல்

ஒரே வேலையை வழிகாட்டுதலுடன் செய்வதற்கும், வழிகாட்டுதல் இன்றிச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பின்வரும் கற்பனைக் கணக்கு விளக்கும். மார்ச்சு 31 அன்று ஒரு கடையின் கணக்கு இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்:

* ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு: ரூ. 1,20,000
* கூட்டுக: வழங்கப்பட்டும் வங்கியில் பணமாக்கப்படாத காசோலை: ரூ. 40,000
* கழிக்க: வங்கியில் செலுத்தியும் வரவு வைக்கப்படாத காசோலை: ரூ. 8,000
* வங்கி அறிக்கையின்படி இருப்பு: ரூ. 1,52,000

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு பொருந்துகிறது. வழிகாட்டுதல் இல்லாத பயிற்சியாளர் இத்துடன் வேலை முடிந்ததாகக் கருதி, தாளைக் கோப்பில் வைத்துவிடுவார். நல்ல வழிகாட்டி அதன்பின்தான் கேட்கத் தொடங்குவார். ரூ. 40,000 காசோலை எந்தத் தேதியில் எழுதப்பட்டது? பின்னர் எப்போது பணமாக்கப்பட்டது? ஜூன் மாதம் வரை பணமாக்கப்படவில்லை என்றால், அது உண்மையில் உரியவருக்கு அனுப்பப்பட்டதா? அல்லது கடன் தீர்ந்துவிட்டதாகக் காட்ட மார்ச்சு 31 அன்று எழுதி, மேசை இழுப்பறையில் வைக்கப்பட்டதா? 2012 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் காசோலையின் செல்லுபடிக் காலம் 3 மாதங்கள் மட்டுமே. அதைத் தாண்டிய காசோலையை இருப்பில் மீண்டும் சேர்க்க வேண்டும்.

செலுத்திய ரூ. 8,000 காசோலை ஏப்ரல் நடுப்பகுதி வரையும் வரவாகவில்லை என்றால், அப்படி ஒரு காசோலை இருந்ததா என்ற ஐயம் எழ வேண்டும். ஒருவரிடமிருந்து வந்த ரொக்கத்தைக் காசாளர் எடுத்துக்கொண்டு, வங்கியில் செலுத்தியதாக எழுதியிருக்கவும் கூடும்.

இக்கேள்விகளுக்குக் கணிதத் திறன் தேவையில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு மனிதரின் செயல் உள்ளது என்ற எண்ணமே தேவை. தணிக்கைத் துறையில் இது தொழில்சார் ஐயநோக்கு எனப்படுகிறது. யாரையும் குற்றவாளியாகக் கருதுவதும், சொல்வதை எல்லாம் அப்படியே நம்புவதும் ஐயநோக்கு ஆகாது. சான்று கிடைக்கும்வரை முடிவைத் தள்ளிவைப்பதே ஐயநோக்கு.

வழிகாட்டியின் பொறுப்புகள்

பயிற்சியளித்தல் என்பது வேலையைப் பிரித்துக் கொடுப்பது மட்டும் அன்று. நல்ல பயிற்சி நான்கு படிகளைக் கொண்டது எனலாம்.

1. காட்டுதல்: வழிகாட்டியோ மூத்த பயிற்சியாளரோ வேலையைச் செய்ய, புதியவர் அருகிலிருந்து பார்த்தல்.
2. செய்வித்தல்: புதியவர் செய்ய, வழிகாட்டி அருகிலிருத்தல்.
3. சரிபார்த்தல்: புதியவர் தனியே செய்து பணித்தாளில் எழுதி வைக்க, வழிகாட்டி அதைப் படித்துக் கேள்விகளை எழுதுதல்.
4. ஒப்படைத்தல்: ஒரு பகுதியின் முழுப்பொறுப்பையும் பயிற்சியாளரிடம் விடுதல். இறுதிப் பொறுப்பு அப்போதும் வழிகாட்டியுடையதே.

இவற்றுள் மூன்றாம் படியே பெரும்பாலும் விடுபடுகிறது. பணி நெருக்கடி மிகுந்த மாதங்களில், பிழையைத் தாமே திருத்திவிடுவது வழிகாட்டிக்கு விரைவான வழியாகத் தோன்றும். ஆனால் அவ்வாறு திருத்தப்பட்ட பிழையிலிருந்து பயிற்சியாளர் எதையும் கற்பதில்லை. மென்பொருள் துறையில் ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் வரிவரியாகப் படித்துக் குறை சொல்லும் வழக்கம் இதே நோக்கமுடையது. கருத்தை எழுத்தில் தருவதால் அடுத்த முறை அதே பிழை தவிர்க்கப்படுகிறது.

வழிகாட்டியின் பிற கடமைகள்:

* ஒரே வகை வேலையை ஆண்டுக்கணக்கில் கொடுக்காமல் தணிக்கை, வரி, கணக்கெழுதுதல் எனச் சுழற்சி முறையில் கொடுத்தல்.
* வாடிக்கையாளரின் செய்திகளை வெளியில் சொல்லாமை என்ற ஒழுக்கத்தை முதல் நாளிலேயே உணர்த்துதல்.
* பயிற்சியாளரின் உறவினர் பணிபுரியும் அல்லது நடத்தும் நிறுவனத்தின் தணிக்கைக்கு அவரை அனுப்பாமை.
* வாடிக்கையாளர் அலுவலகத்தில் பயிற்சியாளர் எழுப்பும் ஐயங்களுக்கு ஆதரவாக நிற்றல்.

கடைசியாகக் கூறியது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. இருபது வயதுடைய பயிற்சியாளர் ஒருவர், ஐம்பது வயதுடைய கணக்கு மேலாளரிடம் ஒரு சீட்டைக் கேட்கிறார். நாளை தருகிறேன் தம்பி, என்று பதில் வருகிறது. மறுநாளும் அதே பதில் வருகிறது. அப்போது வழிகாட்டி தாமே தொலைபேசியில் அழைத்து அச்சீட்டைக் கேட்டால், பயிற்சியாளர் ஒரு பாடத்தைக் கற்கிறார். அதை விட்டுவிடு என்று சொன்னால் வேறொரு பாடத்தைக் கற்கிறார். இரண்டுமே நெடுநாள் நிலைக்கும்.

பயிற்சியாளருக்கும் கடமைகள் உண்டு. நாள்தோறும் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதி வருவது அவற்றுள் முதன்மையானது. இன்று எட்டு மணி நேரம் தணிக்கை செய்தேன், என்ற குறிப்பு யாருக்கும் பயன்படாது. எதைப் பார்த்தேன், எந்தச் சான்றைக் கொண்டு முடிவு செய்தேன், எது விளங்கவில்லை என்று எழுதினால், வழிகாட்டி எங்கு உதவ வேண்டும் என்பது தெளிவாகும்.

போலிப் பயிற்சி

அலுவலகத்துக்கு வராமலேயே வந்ததாகப் பதிவு செய்து, பயிற்சி முடித்ததாகச் சான்று பெறுவது போலிப் பயிற்சி ஆகும். மாணவரிடையே இது டம்மி ஆர்ட்டிக்கிள்ஷிப் எனப்படுகிறது. இறுதித் தேர்வு கடினமானது என்பதால், பயிற்சி நேரத்தையும் படிப்புக்கே செலவிட விரும்பும் சில மாணவர்கள் இவ்வழியை நாடுகின்றனர். உதவித்தொகையை வங்கி மூலம் கொடுத்துவிட்டு, ரொக்கமாகத் திரும்பப் பெறும் முறைகேடும் இதனுடன் சேர்ந்து நடப்பது உண்டு.

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் இதனைத் தொழில் ஒழுக்கக் கேடாகக் கருதுகிறது. தவறு மெய்ப்பிக்கப்பட்டால் வழிகாட்டிமீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும், மாணவரின் பயிற்சிக் காலத்தை ஏற்க மறுக்கவும் முடியும்.

இது இருவருக்கிடையே நிகழும் சிறு ஏமாற்று அன்று. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சான்றளிப்பதே தணிக்கையாளர் செய்யக்கூடாத முதல் குற்றம் ஆகும். போலிப் பயிற்சியின் மூலம் வருபவர், தம் தொழில் வாழ்க்கையின் முதல் ஆவணத்திலேயே அக்குற்றத்தைச் செய்கிறார். அதைக் கற்பித்தவரும் அவருடைய வழிகாட்டியே ஆகிறார்.

எளிய வேலைகளின் மதிப்பு

பயிற்சியாளருக்குக் கொடுக்கப்படும் வேலைகள் சில நேரங்களில் எழுத்தர் வேலை போலத் தோன்றும். வாடிக்கையாளரின் வங்கி இருப்பை உறுதிசெய்து கடிதம் அனுப்புமாறு வங்கியைக் கேட்பது அத்தகைய ஒன்று. அதன் முக்கியத்துவத்தை 2009-ல் நாடே அறிந்தது. அவ்வாண்டு ஜனவரி 7 அன்று, ஐதராபாத்தைச் சேர்ந்த சத்தியம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு, கணக்குகள் பல ஆண்டுகளாகத் திரிக்கப்பட்டு வந்ததை ஒப்புக்கொண்டார். ரொக்கமும் வங்கி இருப்பும் மட்டும் ரூ. 5,000 கோடிக்கு மேல் மிகைப்படுத்தப்பட்டிருந்தன. போலியான வைப்பு ரசீதுகளும் வங்கிக் கடிதங்களும் பயன்படுத்தப்பட்டது பின்னர் வெளிப்பட்டது.

உறுதிக் கடிதம் வங்கியிடமிருந்து நேராகத் தணிக்கையாளருக்கு வர வேண்டும் என்பது தணிக்கைத் தரநிலைகளின் அடிப்படை விதியாகும். வாடிக்கையாளரின் கைவழியாக வரும் கடிதத்துக்கு அதே மதிப்பு இல்லை. இவ்விதியின் காரணத்தை அறிந்த பயிற்சியாளர், உறையின் மேலுள்ள அனுப்புநர் முகவரியையும் பார்ப்பார். காரணம் அறியாதவர் கடிதம் வந்துவிட்டது என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்வார். பெரிய நிறுவனங்களின் தணிக்கையைக் கண்காணிக்க, 2018-ல் தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆயினும் முதல் காவல் களத்தில் இருக்கும் இளையவரின் கண்களே.

மலைப்பகுதி மாணவர்கள்

பயிற்சி அலுவலகங்கள் பெரும்பாலும் நகரங்களில் உள்ளன. இதனால் தொலைவிலுள்ள ஊர்களின் மாணவர்கள் தனிச் சிக்கலை எதிர்கொள்கின்றனர். திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், பழனி மலையின் மேற்பகுதியில் மன்னவனூரை அடுத்துள்ள கவுஞ்சி என்னும் சிற்றூரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, பீன்ஸ் முதலியவை இப்பகுதியின் பயிர்கள். இங்கிருந்து நாள்தோறும் சமவெளிக்குச் சென்று, வாரம் 35 மணி நேரம் பணியாற்றித் திரும்புவது இயலாது. பயிற்சி பெற விரும்புபவர் திண்டுக்கல், மதுரை, சென்னை போன்ற ஊர்களில் தங்கியே ஆக வேண்டும்.

இங்கு உதவித்தொகை விதியின் விளைவைக் காணலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் நகரில் ஏறத்தாழ 2 லட்சம் பேரும், மதுரை மாநகரில் ஏறத்தாழ 10 லட்சம் பேரும், சென்னையில் ஏறத்தாழ 46 லட்சம் பேரும் இருந்தனர். எனவே இம்மூன்று ஊர்களும் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் அடங்குகின்றன. ஊருக்கு அருகிலுள்ள சிறு நகரத்தைத் தேர்ந்தெடுப்பவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையும் குறைவு. வீட்டிலிருந்து செல்லும் நகரவாசிக்கு இத்தொகை கைச்செலவுக்கு உதவும். விடுதியில் தங்குபவருக்கோ வாடகைக்கும் உணவுக்கும் அதுவே ஆதாரம். விதியிலுள்ளது குறைந்தபட்ச அளவு மட்டுமே. அதற்கு மேல் தர வழிகாட்டிக்குத் தடை எதுவும் இல்லை.

மலைப்பகுதி மாணவர் அலுவலகத்துக்குக் கொண்டுவரும் அறிவும் உண்டு. ஊரக வங்கிக் கிளையின் தணிக்கையில் பயிர்க்கடன்கள் முக்கியமானவை. பிற கடன்கள் பொதுவாக 90 நாள் நிலுவையில் வாராக்கடன் ஆகின்றன. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி குறுகிய காலப் பயிருக்கான கடன், இரண்டு பயிர்ப் பருவங்கள் நிலுவையில் இருந்தால் வாராக்கடன் ஆகும். நீண்ட காலப் பயிருக்கு இது ஒரு பருவம். ஆகவே எந்தப் பயிர் எப்போது இடப்பட்டு எப்போது அறுவடையாகும் என்று அறியாமல் இக்கடன்களைச் சரியாக வகைப்படுத்த முடியாது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பருவத்தைத் தம் குடும்பத்து நிலத்தில் பார்த்து வளர்ந்தவர், பொருந்தாத பருவம் குறிக்கப்பட்ட ஒரு கடன் பதிவை நகரத்து மாணவரைவிட விரைவில் கண்டுகொள்வார். இதை உணர்ந்து அவரிடம் கேட்டறியும் வழிகாட்டி, தாமும் கற்கிறார்.

பிற நாடுகளில்

கணக்காளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1977-ல் தொடங்கப்பட்டது. கணக்கியல் கல்விக்கான பன்னாட்டுத் தரநிலைகளுள் ஐந்தாவது, செயல்முறை அனுபவத்தைப் பற்றியது. காலத்தை அளவாகக் கொள்வது, பெற்ற திறனை அளவாகக் கொள்வது, இரண்டையும் இணைப்பது ஆகிய மூன்று வழிகளையும் அது ஏற்கிறது.

இங்கிலாந்து, வேல்சு நிறுவனத்தில் பயிற்சி ஒப்பந்தம் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் நீடிக்கும். அதற்குள் 450 நாட்கள் செயல்முறைப் பணி செய்திருக்க வேண்டும். ஏசிசிஏ எனப்படும் பட்டயச் சான்றுபெற்ற கணக்காளர் சங்கம் 36 மாதப் பணியனுபவத்தைக் கேட்கிறது. அத்துடன் குறிப்பிட்ட திறன் இலக்குகளை அடைந்ததை மேற்பார்வையாளர் ஒருவர் உறுதி செய்ய வேண்டும். இலங்கையில் 1959-ஆம் ஆண்டின் 23-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனமும் செயல்முறைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளது.

காலச் சுருக்கம் பற்றிய விவாதம்

இந்தியாவில் பயிற்சிக் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 2 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. பழைய முறையில் மாணவர்கள் பயிற்சிக் காலத்திலேயே தேர்வுகளுக்கும் ஆயத்தம் செய்தனர். அதற்காக நீண்ட விடுப்பு எடுத்தனர். புதிய முறையில் பயிற்சியும் தேர்வும் பிரிக்கப்பட்டதால், இரண்டு ஆண்டுகளும் முழுமையாகப் பணிக்குக் கிடைக்கின்றன என்பது ஆதரிப்பவர் கருத்து. ஒரு நிறுவனத்தின் கணக்காண்டு தொடங்கி முடிந்து தணிக்கையாவதை மூன்று முறை பார்ப்பதற்கும் இரண்டு முறை பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பது மறுப்பவர் கருத்து. முதல் ஆண்டில் பார்த்து, இரண்டாம் ஆண்டில் செய்து, மூன்றாம் ஆண்டில் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு பழைய முறையில் இருந்தது. மூத்த பயிற்சியாளர் இளையவருக்குக் கற்பித்த அம்மூன்றாம் ஆண்டு இப்போது இல்லை. அதனால் கற்பிக்கும் பொறுப்பு முன்னைவிடக் கூடுதலாக வழிகாட்டியையே சேர்கிறது.